லைட் பிரம்மாவின் இறகுக் குறை: சொந்த லைனிலேயே திருத்துவதா, வெளி ரத்தம் சேர்ப்பதா?

கண்காட்சிக்கென்று லைட் பிரம்மா என்ற பெரிய கோழியை வளர்ப்பவர்களைத் தொந்தரவு செய்யும் விஷயம் பெரும்பாலும் இறகு நிறம்தான். உடம்பு கனமாக இருக்கும், பட்டாணிக் கொண்டை (மூன்று வரிசையாகத் தாழ்ந்து அமையும் கொண்டை) அளவாக அமைந்திருக்கும், கால் இறகும் நடுவிரல் வரை நிறைந்திருக்கும். ஆனால் முதுகில் கரும்புள்ளி தெறித்திருக்கும். இல்லையென்றால் சேவலின் தோளில் மஞ்சள் ஏறியிருக்கும், கழுத்துக் கறுப்பு வெளிறிப்போய்ச் சாம்பலாக நிற்கும். இப்படி ஒரு கூட்டத்தை வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. இருக்கிற கோழிகளுக்குள்ளேயே ஜோடி மாற்றிப் போடலாம். சேவலுக்கு ஒரு லைன் (தலைமுறை தலைமுறையாகத் தனியே பெருக்கும் வழி), பெட்டைக்கு ஒரு லைன் என்று பிரிக்கலாம். வேறொருவரின் லைட் பிரம்மாவிலிருந்து புது ரத்தம் சேர்க்கலாம். அல்லது வேறு நிறத்தையோ வேறு இனத்தையோ கலந்து மீண்டும் பிரம்மாவுக்குத் திருப்பலாம். நம் பக்கத்தில் பலரும் முதலில் கைவைப்பது மூன்றாவது வழியில்தான்: நல்ல சேவல் ஒன்றை விலைக்கு வாங்கி, எல்லாப் பெட்டைகளோடும் விட்டுவிடுவார்கள். பல குறைகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. சில குறைகளை அது இன்னும் ஆழமாகப் புதைத்துவிடும்.

பறவை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளலாம். உடல் வெள்ளை. பிடரி இறகின் நடுப்பகுதி அடர்ந்த கறுப்பு, அதன் ஓரத்தில் வெள்ளிக் கோடு. வால் கறுப்பு. பறக்கும் இறகுகளில் உள்பக்கம் கறுப்பு இருக்கும்; இறக்கையை மடித்தால் அது கண்ணுக்குத் தெரியக் கூடாது. 1840களில் ஷாங்காயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் போன பெரிய கோழிகளின் வழிவந்த இனம் இது. 1852ல் ஜார்ஜ் பர்னம் என்ற அமெரிக்கர் விக்டோரியா அரசிக்கு இவற்றில் சிலவற்றைப் பரிசாக அனுப்பிய பிறகு இங்கிலாந்திலும் மோகம் பற்றிக்கொண்டது. ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் அமெரிக்கத் தர நூல் 1874ல் வெளிவந்தபோதே அதில் பிரம்மாவின் லைட், டார்க் என்ற இரண்டு நிற வகைகளும் இடம்பெற்றன. பொன்னிற வகையான பஃப் 1924ல்தான் சேர்ந்தது. இந்தப் பஃப் நிறத்துக்கும் லைட்டுக்கும் உள்ள நெருக்கம் தெரிந்தால் மஞ்சள் பிரச்சினையில் பாதி தீர்ந்த மாதிரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், குறை ரத்தத்தில் இருக்கிறதா, வெயிலிலும் தீவனத்திலும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெள்ளை இறகு வெயில் பட்டால் மஞ்சளிக்கும். சேவலின் தோளில் மஞ்சளாகத் தெரியும் இறகை விலக்கி, அதன் மேல் படிந்திருக்கும் இறகு மறைத்த பகுதியைப் பாருங்கள். வெளியே தெரியும் நுனி மட்டும் மஞ்சள், மறைந்த பகுதி தூய வெள்ளை என்றால் அது வெயிலின் வேலை. அடி வரை வைக்கோல் நிறம் என்றால் ரத்தம். இன்னும் சந்தேகம் இருந்தால் இரண்டு இறகைப் பிடுங்கிவிட்டுப் பறவையை நிழலில் வையுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் முளைத்து வரும் புது இறகு உண்மையைச் சொல்லிவிடும். மக்காச்சோளம் அதிகம் தின்கிற கோழிக்கு அதன் மஞ்சள் நிறமி வளரும் இறகிலும் லேசாகச் சாயலடிக்கும் என்பதால், இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் மக்காச்சோளத்தைக் குறைத்துக் கோதுமையோ நொய்யோ கொடுப்பது கண்காட்சிக்காரர்களின் பழைய வழக்கம். கறுப்பு இறகில் திடீரென்று வெள்ளை வந்தாலும் அவசரப்பட வேண்டாம். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் குறைந்தாலே நிறமுள்ள கோழிக்குஞ்சுகளின் இறகு வெளிறும். குஞ்சுப் பருவத்து முதல் இறகை வைத்து எந்தப் பிரம்மாவையும் கழிக்கக் கூடாது. மெதுவாக முதிரும் இனம் இது. கடைசி நிறத்தைப் பார்க்கப் பத்து மாதமாவது பொறுக்க வேண்டும்.

இனி முதுகுக் கரும்புள்ளி. லைட் பிரம்மாவின் முழு அழகும் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றன. கறுப்பைக் கழுத்திலும் வாலிலும் மட்டும் நிறுத்தி, உடம்பிலிருந்து விலக்கி வைப்பது ஒரு முக்கிய மரபணு. ஆனால் அந்தக் கறுப்பு எவ்வளவு அடர்த்தி, எல்லையை எவ்வளவு தாண்டும் என்பதைப் பல சிறு மரபணுக்கள் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அதனால் முதுகு வெள்ளையாக இருக்கும் பறவைகளை மட்டுமே வருடா வருடம் தேர்ந்தெடுத்தால் முதுகு சுத்தமாகிக்கொண்டே போகும். கூடவே கழுத்தும் வெளிறிக்கொண்டே போகும். சில தலைமுறையில் வாலில் வெள்ளை, பறக்கும் இறகில் வெள்ளை, பிடரியில் அரைச் சாம்பல் என்று வந்து நிற்கும். மறுபக்கம், கழுத்து கன்னங்கரேலென்று இருக்கும் பறவைகளையே ஜோடி சேர்த்தால் குஞ்சுகளின் முதுகில் மிளகைத் தூவியதுபோல் ஆகிவிடும். ஒரே கறுப்பின் இரண்டு முனைகள் இவை. இரண்டையும் ஒருசேரக் கழித்துக்கட்ட முடியாது. நடுவில் நிறுத்தத்தான் முடியும்.

இதற்கு ஏற்றது முதல் வழிதான், அதாவது ஈடுகட்டி ஜோடி போடுவது. முதுகில் லேசாகக் கறுப்பு உள்ள, கழுத்து அடர்ந்த பெட்டைக்கு, முதுகு முற்றிலும் சுத்தமான சேவல். கழுத்து சற்று வெளிறிய பெட்டைகளுக்கு, வாலருகே முதுகின் தொங்கிறகுகளில் மெல்லிய கருங்கோடு ஓடும் சேவல். அந்தச் சேவலை மேசையில் வைத்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்வார். ஆனால் அடர்ந்த கழுத்துள்ள விடைக்கோழிகளை உண்டாக்குவதில் அதற்கு இணை இல்லை. இங்கே கண்ணை இறகின் மேற்பரப்பில் மட்டும் வைக்கக் கூடாது. முதுகு இறகை ஊதிப் பிரித்து அடியில் உள்ள பஞ்சின் நிறத்தைப் பாருங்கள். அடிப்பஞ்சு நீலச் சாம்பலாக இருக்கும் பறவைக்குள் கறுப்பு இருப்பில் இருக்கிறது என்று பொருள். மேலே வெள்ளை, அடியிலும் வெள்ளை என்றால் அந்தப் பறவையின் வழிவருவோர் கழுத்தில் கறுப்பை இழந்துவிடக்கூடும். மேலே வெள்ளை, அடியில் சாம்பல், கழுத்தில் அடர்கறுப்பு, இந்த மூன்றும் ஒரே பெட்டையில் அமைந்தால் அதை விற்காதீர்கள், எவ்வளவு விலை வந்தாலும்.

ஈடுகட்டும்போது ஒரு வரம்பு வேண்டும். மிகக் கறுத்ததையும் மிக வெளுத்ததையும் சேர்த்தால் நடுவாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள். முதல் தலைமுறை அப்படித்தான் வரும். அடுத்த தலைமுறையில் இரண்டு முனைகளும் மறுபடி வெளியே வந்துவிடும். இலக்கிலிருந்து இந்தப் பக்கம் சற்று விலகியதையும் அந்தப் பக்கம் சற்று விலகியதையும் சேர்ப்பதே பலன் தரும்.

இரண்டாவது வழி, சேவலுக்கும் பெட்டைக்கும் தனித்தனி லைன் வைப்பது. மேற்கத்தியக் கண்காட்சி உலகில் இது பெரிய கலையாகவே வளர்ந்தது. உதாரணத்துக்கு, பார்டு பிளிமத் ராக் என்ற கோழியினத்தில் பட்டைக்கோட்டு மரபணு பால் நிறப்புரியில் (ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோமில்) இருக்கிறது. சேவலுக்கு அது இரண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்குதான். அதனால் ஒரே கூட்டத்தில் பிறந்த சேவல் வெளுப்பாகவும் பெட்டை கறுப்பாகவும் இருக்கும். கண்காட்சியில் இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வளர்ப்பவர்கள் சேவல் லைன் ஒன்று, பெட்டை லைன் ஒன்று என்று பிரித்தார்கள். ஒரு லைனில் பிறக்கும் பெட்டைகளும் மற்ற லைனில் பிறக்கும் சேவல்களும் மேசைக்குப் போகவே மாட்டா, இனவிருத்திக்கு மட்டும். டார்க் பிரம்மாவிலும் இந்தத் தேவை உண்டு: சேவலுக்கு நெஞ்சு முழுக் கறுப்பாக இருக்க வேண்டும், பெட்டைக்கோ இறகு தோறும் நுண்ணிய கோடுகள் வேண்டும். ஒரே ஜோடியிடம் இரண்டையும் கேட்பது கடினம். லைட் பிரம்மாவுக்கு இது வேண்டியதில்லை. அதன் சேவலும் பெட்டையும் ஒரே வடிவ நிறத்தைத்தான் அணிகின்றன. கூண்டுகளும் தீவனச் செலவும் இரட்டிக்கும், பிறப்பதில் பாதி வீணாகும். டார்க் வளர்ப்பவர் மட்டும் இதை யோசிக்கலாம்.

மஞ்சளுக்கு வருவோம். நம் ஊர்ப் பண்ணைகளில் பஃப் பிரம்மாவும் லைட் பிரம்மாவும் பக்கத்துப் பக்கத்தில், சில இடங்களில் ஒரே கூண்டிலேயே வளர்கின்றன. பஃப் என்பது அடிப்படையில் லைட்டின் பொன் வடிவம். வடிவ நிறம் ஒன்றுதான், வெள்ளைக்குப் பதில் பொன்னிறம். வெள்ளியா பொன்னா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவும் பால் நிறப்புரியில்தான் இருக்கிறது. சேவலுக்கு அதில் இரண்டு இடம். ஒன்றில் வெள்ளி, மற்றொன்றில் பொன் இருந்தால் வெள்ளிதான் மேலோங்கும், ஆனால் முழுமையாக அல்ல. தோளிலும் முதுகிலும் அந்த வைக்கோல் மஞ்சள் கசிந்து தெரியும். பெட்டைக்கு ஒரே இடம்தான். அது வெள்ளியானால் வெள்ளி, பொன்னானால் பொன். ஒளித்து வைக்க இடமில்லை. எனவே பொன்னைச் சுமந்து திரியக்கூடியது சேவல் மட்டுமே.

இது தெரிந்தால் வழி தானாகத் திறக்கும். மஞ்சள் தோள் சேவலை, வெள்ளையான லைட் பெட்டைகளோடு விட்டு, பிறக்கும் பெட்டைக்குஞ்சுகளைக் கவனியுங்கள். சேவல் பொன்னைச் சுமந்தால் பெட்டைக்குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி பொன்னிறமாகவே வரும். எட்டு பெட்டைக்குஞ்சுகள் வளர்ந்து எட்டும் வெள்ளி என்றால், பொன் ஒளிந்திருக்கும் சேவலுக்கு அப்படி வரும் வாய்ப்பு 256ல் ஒன்றுதான். அப்படித் தேறிய சேவலின் மஞ்சளுக்குக் காரணம் வேறு, பால் நிறப்புரி சாராத சிவப்பு நிறமிகள். அவற்றுக்கு இந்த மாதிரிச் சுலபமான சோதனை கிடையாது. தலைமுறைதோறும் வெளுத்த தோளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். சோதனையில் தோற்ற சேவலுக்காகவும் முழுக் கூட்டத்தைக் கைவிட வேண்டாம். அந்தச் சேவலை நிறுத்துங்கள், அதன் மகன்கள் அத்தனையையும் கழியுங்கள். சுத்தமாகத் தெரியும் மகனிலும் பொன் ஒளிந்திருக்கலாம். வெள்ளி நிற மகள்களை அச்சமின்றி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிடம் பொன் இருக்க வழியே இல்லை.

இதே கணக்கை வைத்து, பஃப் பிரம்மாவைக் கலப்பது சரியா என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடலாம். லைட் கூட்டத்தில் உருவமும் கால் இறகும் குறைந்துவிட்டன, பக்கத்தில் அருமையான பஃப் பெட்டை இருக்கிறது என்றால் கலக்கலாம், திசை மட்டும் மாறக் கூடாது. லைட் சேவல், பஃப் பெட்டை. பிறக்கும் மகள்கள் தந்தையிடமிருந்து வெள்ளியை மட்டுமே பெறுகின்றன. அவற்றை லைட் சேவலுக்குத் திருப்பி இணைத்தால் பொன் அந்த ஒரே தலைமுறையில் வெளியேறிவிடும். மகன்கள் எல்லாமே பொன் சுமப்பவை. ஒன்றைக்கூட வைக்க வேண்டாம். பஃப் சேவலை லைட் பெட்டைகள்மேல் விட்டால் கதை தலைகீழ்: மகள்கள் பொன்னிறம், மகன்கள் எல்லாம் மஞ்சள் தோள். ஒரு பருவம் போச்சு. முதல் திசையிலும் சில மகள்களின் நெஞ்சில் இளஞ்சிவப்புச் சாயல் வரலாம், பஃப்பின் மற்ற சிவப்பு நிறமிகளால். அவற்றைத் தள்ளிவிட்டால் போதும்.

ஒடுங்கு பண்பாக, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பாக, ஒளிந்து வரும் குறைகள் வேறு வகை. கழுகுத் தொடை என்று நான் சொல்வது, கணுக்காலில் பின்னோக்கி நீட்டி நிற்கும் விறைத்த இறகு. அமெரிக்கத் தரத்தில் பிரம்மாவுக்கு இது தகுதியிழப்பு. கால் இறகு அதிகம் வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் லைன்களில் இது தலைகாட்டும். குறை தெரியும் பறவையைக் கழித்துக்கொண்டே வந்தால் போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் நூற்றில் ஒன்றுதான் குறையோடு பிறக்கும் ஒரு கூட்டத்தில்கூட, அதைச் சுமப்பவை நூற்றுக்குச் சுமார் 18 இருக்கும். ஆகவே சேவலையாவது சோதித்துவிட வேண்டும். குறையுள்ள பெட்டை ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இணைத்த சேவலுக்கு ஏழு குஞ்சுகள் வளர்ந்து ஏழும் சுத்தம் என்றால், குறையைச் சுமக்கும் சேவலுக்கு அப்படி வரும் வாய்ப்பு 128ல் ஒன்றுதான். பட்டாணிக் கொண்டைக்குப் பதில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் எட்டிப்பார்க்கும் கூட்டத்துக்கும் இதே சோதனை பொருந்தும். புது ரத்தம் இந்த வகைக் குறைக்கு மோசமான மருந்து: முதல் தலைமுறையில் எல்லாக் குஞ்சும் சுத்தமாகத் தெரியும், வாங்கியவர் மகிழ்வார், குறையோ பல குஞ்சுகளுக்குள் மறைந்து பரவியிருக்கும்.

அப்படியானால் மூன்றாவது வழி எப்போது? கருக்கூடாத முட்டைகளும் பொரியாத முட்டைகளும் வருடத்துக்கு வருடம் கூடும்போது. அல்லது வேண்டிய குணம் கூட்டத்தில் எந்தப் பறவையிடமும் மிச்சமில்லாதபோது: எல்லாப் பறவைக்கும் அடிப்பஞ்சு வெள்ளை, எல்லாவற்றுக்கும் கழுத்து சாம்பல் என்றால் ஈடுகட்ட எதுவும் இல்லை. தந்தையை மகளோடு சேர்த்தாலும் உடன்பிறந்தவற்றைச் சேர்த்தாலும் பிறக்கும் குஞ்சுக்கு உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு) 25 சதவீதம். தந்தை வழியில் மட்டும் உடன்பிறந்தவை என்றால் 12.5. கூட்டத்தை மூன்று குடும்பமாகப் பிரித்து, மகள்களைப் பிறந்த குடும்பத்திலேயே வைத்து, மகன்களை அடுத்த குடும்பத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் இந்தச் சுமை மெதுவாகத்தான் ஏறும். புது ரத்தத்தின் தேவையே பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

அப்படியும் தேவைப்பட்டால், சேவலாக வாங்காதீர்கள், பெட்டையாக வாங்குங்கள். ஒரு சேவல் அந்தப் பருவத்தின் எல்லாக் குஞ்சுகளிலும் தன் ரத்தத்தைக் கலந்துவிடும், நல்லதையும் கெட்டதையும். ஒரு பெட்டையின் குஞ்சுகள் தனியாக அடையாளம் வைக்கக்கூடிய சிறு எண்ணிக்கைதான். பிடிக்கவில்லையென்றால் கூட்டம் கெடாமல் நிறுத்திவிடலாம். அதன் மகள்களில் சிறந்ததை உங்கள் சொந்தச் சேவலுக்கே திருப்புங்கள். பிறப்பவை முக்கால் பங்கு உங்கள் லைன். கலப்பின் முதல் தலைமுறை வீரியத்தால் மினுக்கும். அதைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, இரண்டாம் தலைமுறையில்தான் பிரிந்து தெரியும். வாங்கிய பெட்டையை ஒரு மாதம் தனியே வைப்பது கட்டாயம். முட்டையாக வாங்கி அடைவைத்தால் தொற்று ஆபத்து குறையும். ஆனாலும் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க் கிருமியும் புல்லோரம் என்ற குஞ்சுக் கழிச்சல் நோயும் முட்டை வழியாகவே வரக்கூடியவை என்பதால் விற்பவரின் கூட்டத்தை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது வழியில், இதே வடிவ நிறமுள்ள லைட் சசெக்ஸ் என்ற வேறு கோழியினத்தைக் கொண்டுவருவோர் உண்டு, முதுகு அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று. ஒற்றைக் கொண்டை, இறகில்லாத கால், வெள்ளைத் தோல் மூன்றும் கூடவே வரும். பிரம்மாவின் மஞ்சள் கால் ஒடுங்கு பண்பு. முதல் கலப்பில் எல்லாம் வெள்ளைக் காலாகிவிடும், திருப்பி இணைத்த பிறகே பாதிக்கு மஞ்சள் மீளும். மூன்று முறை திருப்பி இணைத்தால் சராசரியாக 93.75 சதவீதம் பிரம்மா. தலைமுறைக்கு ஓர் ஆண்டு என்று வைத்தாலும் நான்கு ஆண்டுகள். நல்ல லைட் பிரம்மாவே கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு இது நியாயமான வழி. ஈடுகட்டிச் சரிசெய்யக்கூடிய முதுகுப் புள்ளிக்காக இதைச் செய்வது உழைப்பை வீணாக்குவது.

ஒரு சேவல், நான்கைந்து பெட்டை வைக்க மட்டும் இடமுள்ளவர் என்றால் என் யோசனை இது: முதல் வழியைப் பிடியுங்கள், மஞ்சளுக்குப் பெட்டைக்குஞ்சுச் சோதனையைச் செய்யுங்கள், மற்றவை பிறகு. எதைச் செய்தாலும் தாய் தந்தை யாரென்று தெரியாமல் பயனில்லை. கால் முழுக்க இறகுள்ள குஞ்சுக்கு வளையம் போடுவது சிரமம். பிறந்த அன்றே விரலிடைச் சவ்வில் சிறு துளை போடலாம். இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வுகள், 16 விதமான அடையாளம், ஒரு சிறு பண்ணைக்குத் தாராளம். சேவலை மாற்றிய பிறகு மூன்று வாரம் கழித்து வரும் முட்டையிலிருந்துதான் அடைக்கு எடுக்க வேண்டும். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். கழுத்தும் முதுகும் அடிப்பஞ்சும் நன்றாக அமைந்த குஞ்சுகளைக் கொடுத்த கிழட்டுப் பெட்டையை, முட்டை குறைந்துவிட்டது என்று விற்றுவிடாமல் இன்னும் இரண்டு பருவம் வைத்திருங்கள். அதன் பேரனைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட உங்களுக்கு அது வேண்டியிருக்கும்.